மகள் போனில் படிக்கிறாள், டொக்டராகிவிடுவாளா?

கேள்வி

நான் ஓய்வுபெற்ற அரசாங்க வைத்தியர். எண்பதுகளின் தொடக்கத்தில் யாழ்ப்பாண மருத்துவபீடத்தில் படித்தவன். இப்போது பின்னேரங்களில் வீட்டில் கொஞ்சம் நோயாளர் பார்க்கிறேன். கடைக்குட்டி மகள் அதே பீடத்தில் மூன்றாம் வருடம். வைத்தியசாலை வாட்டுக்குப் போகத் தொடங்கிவிட்டாள். நான் சந்தோசப்பட வேண்டியவன். ஆனால் ஒவ்வொரு நாளும் இரவுச் சாப்பாட்டில் சண்டை.

அவளுடைய மேசையில் தடித்த புத்தகம் ஒன்றுகூடக் கிடையாது. போனில் அட்டை அட்டையாக எதையோ தட்டிக்கொண்டிருக்கிறாள், அதுதான் படிப்பாம். விரிவுரைக்குப் போகாமல் அதன் பதிவை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்கிறாள். சந்தேகம் வந்தால் என்னிடம் கேட்பதில்லை, சட்ஜிபிடி என்ற செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்கிறாள். வாட்டிலும் கையில் போன்தானாம். போன கிழமை, மாரடைப்புக்கு முதல் வேலையாக ஒட்சிசன் கொடுக்க வேண்டும் என்று நான் சொன்னேன். போனைப் பார்த்துவிட்டு, "அப்பா, அது பழைய கதை" என்றாள். இத்தனை வருடம் வைத்தியம் செய்தவனுக்கு அது சுட்டது.

இது தலைமுறை வித்தியாசமா, அல்லது படிப்பே கெட்டுப் போகிறதா? போனுக்குக் கட்டுப்பாடு போடலாமா? இதற்குள் ரப் (தொடுதிரைக் கணினி) ஒன்று வேண்டும் என்கிறாள். வாங்கிக் கொடுக்கலாமா?

– கொக்குவிலிலிருந்து ஒரு தகப்பன்

பதில்

ஐயா,

ஒட்சிசன் கதையை முதலில் முடித்துவிடுவோம். கடிதத்தில் மற்ற எல்லாவற்றையும் கிளறிவிட்டது அதுதான் என்று நினைக்கிறேன். மகள் சொன்னது சரி. நெஞ்சுநோவோடு வருபவரைக் கட்டிலில் கிடத்தியதும் முகமூடியை மாட்டு என்றுதான் எங்களுக்கும் சொல்லித் தந்தார்கள். 2015-இல் அவுஸ்திரேலியாவில் வெளிவந்த ஓர் ஆய்வு, இரத்தத்தில் ஒட்சிசன் போதுமான அளவு இருப்பவருக்கு மேலும் கொடுத்தால் இதயத்தசைச் சேதம் கூடலாம் என்று காட்டியது. 2017-இல் சுவீடனில் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட நோயாளரை வைத்துச் செய்த பெரிய ஆய்வில், கொடுத்தவர்களுக்கும் கொடுக்காதவர்களுக்கும் ஒரு வருட முடிவில் இறப்பில் வித்தியாசம் இருக்கவில்லை. அதே வருடம் வந்த ஐரோப்பிய வழிகாட்டல், ஒட்சிசன் செறிவு 90 வீதத்துக்குக் கீழே போனால் கொடு, இல்லாவிட்டால் வழமையாகக் கொடுக்காதே என்றது.

ஆனால் அந்த இடத்தில் நீங்கள் கோபப்படாமல் "ஏன்?" என்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். ஒட்சிசன் அளவுக்கு மிஞ்சினால் இதயத்துக்குப் போகும் நாடிகள் சுருங்கும், இரத்தோட்டம் குறையும் என்று அவள் தன் வாயால் விளங்கப்படுத்தினால் படித்திருக்கிறாள். "அப்படித்தான் போட்டிருக்கு" என்றால், நீங்கள் அந்த நாளில் "கொடு" என்று பாடமாக்கியதை அவள் "கொடாதே" என்று பாடமாக்கியிருக்கிறாள், அவ்வளவுதான். புத்தகத்தில் பாடமாக்கினால் என்ன, போனில் பாடமாக்கினால் என்ன?

நான் உங்கள் இருவருக்கும் நடுவில் உள்ள தலைமுறை. கரண்ட் இல்லாத தொண்ணூறுகளில் ஜாம்போத்தல் விளக்கில் படித்தவர்களில் ஒருவன். இப்போது வாட்டில் மாணவருக்குக் கற்பிக்கிறேன். பிள்ளை எந்தப் பொருளில் படிக்கிறது என்பதை நான் பெரிதாகப் பார்ப்பதில்லை. விடை கண்ணில் படுவதற்கு முன்னால் அது தானாக ஒரு விடை சொல்லிப் பார்த்ததா என்றுதான் பார்ப்பேன். மகளின் ஒவ்வொரு பழக்கத்தையும் இந்த ஒரு கேள்வியோடு பாருங்கள். சிலது தேறும், சிலது தேறாது.

அட்டைகள் தேறும். அவள் தட்டிக்கொண்டிருப்பது அநேகமாக அங்கி (Anki) என்ற செயலியாக இருக்கும். எங்கள் மாணவர்களில் கனபேரின் போனில் அதுதான் இருக்கிறது. முன்பக்கத்தில் கேள்வி வரும். மனதுக்குள் விடை சொல்லிவிட்டுத் தட்டினால் பின்பக்கம் தெரியும். சுலபமாக வந்ததா, திணறினாயா என்று அது கேட்கும். சுலபம் என்றால் அந்த அட்டையைப் பல நாள் கழித்துத்தான் திரும்பக் காட்டும். திணறினால் பத்து நிமிடத்திலேயே திரும்பக் கொண்டுவந்து நீட்டும். மறக்கப்போகிற நேரமாகப் பார்த்து ஞாபகத்தைத் தட்டியெழுப்புகிற வேலை இது. மறதி எந்த வேகத்தில் வருகிறது என்று எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மன்காரர் தன்னையே பரிசோதித்து எழுதியது 1885-இல். ஆகவே விஷயம் புதிதல்ல, போன்தான் புதிது.

இதற்கு நல்ல ஆதாரமும் இருக்கிறது. 2006-இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக் என்ற இருவர், மாணவருக்குச் சிறிய பந்திகளைப் படிக்கக் கொடுத்தார்கள். ஒரு பகுதியினர் அதையே திரும்ப வாசித்தார்கள். மற்றவர்கள் தாளை மூடிவைத்துவிட்டு ஞாபகத்திலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது வாசித்தவர்கள் 81 வீதம், எழுதியவர்கள் 75. ஒரு கிழமை கழித்துச் சோதித்தபோது வாசித்தவர்கள் 42, எழுதியவர்கள் 56. திரும்பத் திரும்ப வாசிக்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கும். ஒரு கிழமை போனால்தான் தெரியும் சங்கதி. மூன்று நிறத்தில் கோடடித்துத் தடித்த புத்தகத்தை நாலாம் முறை வாசித்த எங்கள் முறையை விட மகளின் தட்டல் மேல் என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை. நூலகப் படிக்கட்டில் இருந்து நண்பர்கள் ஒருவரை ஒருவர் கேள்வி கேட்டுப் படித்திருப்பீர்களே, அது இதே மருந்துதான். அப்போது சினேகிதன் கேட்டான், இப்போது செயலி கேட்கிறது.

அட்டையில் எனக்குள்ள குறை வேறு. அவள் தானாக எழுதிய அட்டையா, இறக்கியெடுத்த அட்டையா என்று கேளுங்கள். இணையத்தில் பல்லாயிரம் அட்டை ஆயத்தமாகக் கிடைக்கும். பெரும்பாலும் அமெரிக்க மாணவர் தங்கள் நாட்டுச் சோதனைக்குச் செய்தவை. அங்கே எலிக்காய்ச்சலுக்கு ஒரு வரி போதும். இங்கே 2024 டிசம்பரில் என்ன காய்ச்சல் என்று தெரியாமல் வடமராட்சிச் சனம் பயந்து கிடந்து, பிறகு அது எலிக்காய்ச்சல் என்று தெரிந்தது உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். சுருட்டைப் பாம்பு கடித்தவரை அங்கே ஒரு மாணவன் வாழ்க்கையில் காணமாட்டான், நாங்கள் காண்போம். இரவல் அட்டையை அறவே வேண்டாம் என்று சொல்லவில்லை. உடற்கூற்றியலுக்கும் மருந்தியலுக்கும் நல்லது. ஆனால் வாட்டில் கண்ட நோயாளியைப் பற்றி அன்றிரவே தன் கையால் ஐந்தாறு அட்டை எழுதுகிற பிள்ளை வேறு ரகம். அந்த எழுத்திலேயே பாதிப் படிப்பு முடிந்துவிடும்.

விரிவுரைப் பதிவுக்கு வருவோம். இதில் நான் மகளோடு கொஞ்சம் சேர்ந்து நிற்பேன். உயர்தரம் வரை தமிழில் படித்துவிட்டு, முதல் நாளே ஆங்கிலத்தில் ஒரு மணித்தியால விரிவுரையில் போய் இருப்பது என்னவென்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நீங்களும் அப்படிப் போனவர்தான். பாதி விளங்காமல், சீனியரின் ரோனியோ நோட்ஸை வாங்கித்தானே ஒப்பேற்றினீர்கள்? இவளுக்கு நிறுத்தி, பின்னால் போய், ஒரு சொல்லைத் தேடிப் பார்த்துவிட்டுத் திரும்பக் கேட்க ஒரு வசதி கிடைத்திருக்கிறது. கிடைத்தால் நான் விட்டிருப்பேனா? வேகத்தைப் பற்றியும் ஆராய்ந்திருக்கிறார்கள். அமெரிக்கப் பல்கலைக்கழக மாணவரிடம் செய்த ஓர் ஆய்வில் இரண்டு மடங்கு வரை விளக்கத்தில் பெரிய இழப்பில்லை. அதற்கு மேலே போனபோதுதான் குறைந்தது. வீட்டில் ஆங்கிலம் பேசாத பிள்ளைக்கு அதை நான் அப்படியே பொருத்தமாட்டேன். புதுப் பாடத்தைச் சாதாரண வேகத்தில் கேட்கட்டும், இரண்டாம் தரம் கேட்பதை வேகமாக ஓட்டட்டும். நடுவில் நிறுத்தி, இதுவரை என்ன சொன்னார் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்க்கட்டும். பதிவு பின்னால் ஓட, வட்ஸ்அப் முன்னால் ஓடுகிறது என்றால் அது படிப்பில்லை. அதை நீங்கள் கதவடியில் நின்றே கண்டுபிடித்துவிடுவீர்கள்.

வாட்டுக்கு வந்தால் கதை மாறும். இங்கேதான் உங்கள் பயத்தில் எனக்கு உடன்பாடு அதிகம், ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

மாரி மழை விட்டு டெங்குக் காய்ச்சல் வாட்டை நிரப்பியிருந்த ஒரு தை மாதம். உயர்தரம் படிக்கிற பெடியன் ஒருவன், காய்ச்சல் தொடங்கி ஐந்தாம் நாள். அன்று காலைதான் காய்ச்சல் விட்டிருந்தது. தாய்க்குச் சந்தோசம். பப்பாளி இலைச் சாறுதான் வேலை செய்தது என்று பக்கத்துக் கட்டில்காரருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். எனது மாணவர் ஒருவர் கேஸைப் பிரசன்ட் பண்ணினார். அருமையாகப் பண்ணினார். பிளேட்லட் நேற்று எத்தனை, இன்று எத்தனை, எல்லாம் விரல் நுனியில். இரத்த அழுத்தம் 100க்கு 80, "நோர்மல் சேர்" என்றார். "காலைப் பிடித்துப் பாரும்" என்றேன். போர்வைக்குள் கையை விட்டவர் சட்டென்று என்னைப் பார்த்தார். பாதம் குளிர்ந்து கிடந்தது. நகத்தை அழுத்திவிட்டால் நிறம் திரும்ப நேரமெடுத்தது. காலையிலிருந்து எத்தனை தரம் சலம் போனான் என்று தாயிடம் கேட்டோம். அவர் யோசித்தார், விடியப்புறம் ஒருதரம், அதோடு இல்லை.

டெங்குவில் காய்ச்சல் விடுகிற நேரம்தான் குழாய்களிலிருந்து நீர் கசியத் தொடங்குகிற நேரம். 24 முதல் 48 மணித்தியாலம் அந்த ஆபத்து இருக்கும். மேல் அழுத்தத்துக்கும் கீழ் அழுத்தத்துக்கும் உள்ள இடைவெளி 20 அல்லது அதற்குக் கீழே வந்தால் அதிர்ச்சி நிலை வந்துவிட்டது என்று எடுக்க வேண்டும். 100க்கு 80 என்றால் இடைவெளி சரியாக 20. இது அந்த மாணவருக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். பிறகு கேட்டபோது அந்த அட்டையை முந்தைய இரவும் சரியாகச் செய்ததாகச் சொன்னார், பாவம். அட்டையில் "எத்தனைக்குக் கீழே?" என்று கேள்வி வந்தால் 20 என்று சொல்லத் தெரியும். ஆனால் கட்டிலடியில் யாரும் கேள்வி கேட்பதில்லை. ஓர் இலக்கம் நோர்மல் போல வேசம் போட்டுக்கொண்டு நிற்கும், கேள்வியை நாங்கள்தான் எழுப்ப வேண்டும். எந்தச் செயலியும் அதைப் பழக்காது. பத்து இருபது குளிர்ந்த கால்களைத் தொட்டால்தான் வரும். (பெடியனுக்கு நேரத்துக்குச் சேலைன் ஏறியது. அந்தக் கிழமையே நடந்து வீட்டுக்குப் போனான்.)

ஆனால் ஒரு விஷயம். புத்தகத்தை மட்டும் கட்டிப்பிடித்துப் படித்த எங்கள் பாட்சிலும் காலைத் தொடாதவர்கள் இருந்தார்கள். அது போன் தந்த நோயில்லை. முன்பு தடித்த புத்தகத்துக்குப் பின்னால் ஒளிந்த பிள்ளை இப்போது போனுக்குப் பின்னால் ஒளிகிறது, காரணம் ஒன்றுதான். நோயாளியோடு போய்க் கதைக்கக் கூச்சம். ஒளிய இப்போது இடம் கொஞ்சம் கூட, அவ்வளவே.

வாட்டில் கையில் போன் என்பதற்கு ஒரு சின்ன ஒழுங்கு இருக்கிறது. மாணவி கட்டிலடியில் நின்று மருந்தளவைத்தான் பார்ப்பாள்; ஆனால் கட்டிலில் கிடக்கிற ஆச்சிக்கு அது தெரியாது. "நான் நோவில கிடக்கிறன், பிள்ளை படம் பாக்குது" என்றுதான் நினைப்பார். "ஆச்சி, உங்கட குளிசையின்ர அளவு பாக்கிறன்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் பார்த்தால் பிரச்சினை தீர்ந்தது. அடுத்தது ஒழுங்கு இல்லை, கண்டிப்பான தடை. நோயாளியின் பீ.எச்.ரி.யை, அதாவது கட்டில் குறிப்பேட்டை, படமெடுத்து நண்பர் குழுவில் போடக்கூடாது. பெயர் தெரிகிற ஈசிஜியையும் எக்ஸ்ரேயையும் போடக்கூடாது. யாழ்ப்பாணம் சின்ன ஊர். கட்டில் இலக்கமும் ஊரும் வயதும் போதும், ஆள் யாரென்று தெரிந்துவிடும். இதில் மட்டும் நீங்கள் தகப்பனாகவும் வைத்தியராகவும் கடுமையாகவே பேசலாம்.

சட்ஜிபிடி விஷயம். எனது அளவுகோல் இங்கே ஆகக் கடுமையாக விழும். ஏனென்றால் பிள்ளை யோசிக்க முன்னமே முழு விடையையும், அதுவும் அழகான பந்தியாக, கொண்டுவந்து வைக்கிற பொருள் இது. வாசித்தால் எல்லாம் விளங்கிய மாதிரி இருக்கும். நான் மேலே சொன்ன 81 வீதக்காரரின் மயக்கம் இதுதான். அதோடு, தெரியாததையும் தெரிந்த மாதிரியே சொல்லும். உலகத்தில் இல்லாத ஆய்வுக் கட்டுரைக்கு ஆசிரியர் பெயர், வருடம் எல்லாம் போட்டுத் தரக்கூடியது.

சின்னப் பிள்ளைகளுக்குத்தான் இந்த ஆபத்து, பழம் தின்றவர்களுக்கு இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். 2025-இல் போலந்திலிருந்து ஓர் ஆய்வு வந்தது. பெருங்குடலைக் கமரா விட்டுப் பார்க்கிற வைத்தியர்கள், ஒவ்வொருவரும் இரண்டாயிரத்துக்கு மேல் செய்து கைபழகியவர்கள். புற்றுநோயாக மாறக்கூடிய சின்னக் கட்டிகளைச் சுட்டிக்காட்டுகிற செயற்கை நுண்ணறிவுக் கருவியை அவர்களிடம் கொடுத்தார்கள். பிறகு கருவி இல்லாமல் அவர்கள் செய்த பரிசோதனைகளை எடுத்து, கருவி வருவதற்கு முந்திய காலத்தோடு ஒப்பிட்டார்கள். அந்தக் கட்டி கண்டுபிடிக்கப்பட்ட பரிசோதனைகள் 28.4 வீதத்திலிருந்து 22.4 வீதத்துக்கு இறங்கியிருந்தன. பின்னோக்கிப் பார்த்த ஆய்வு, வேறு காரணங்களும் இருக்கலாம். ஆனாலும் அதை வாசித்த அன்று எனக்கு வயதைப் பற்றிய எண்ணம் மாறியது. கருவி யோசிக்கிறது என்றால் கண் சோம்பல் படும், அது எந்தத் தலைமுறைக் கண்ணாக இருந்தாலும்.

ஆகவே மகளுக்கு நான் சொல்வது இது. கேள், ஆனால் இரண்டாவதாகக் கேள். நோயாளியைப் பார்த்துவிட்டு வந்து, என்னென்ன நோயாக இருக்கலாம், ஏன், அடுத்து எந்தப் பரிசோதனை என்று முதலில் ஒரு தாளில் எழுது. பிறகு அந்தப் பட்டியலைக் கொடுத்து, "நான் எதை விட்டுவிட்டேன், எது பிழை?" என்று கேள். அது சொல்வதோடு வாதாடு. இன்னும் நல்ல பாவனை, அதையே சோதனையாளராக்கி வைவா (வாய்மொழிச் சோதனை) கேட்கச் சொல்வது. அப்படிப் பாவித்தால் அது படிக்கட்டுச் சினேகிதன். இரவு இரண்டு மணிக்கும் விழித்திருக்கிற சினேகிதன். மருந்தளவை மட்டும் அதை நம்பி எழுதக்கூடாது. டெங்குவுக்குச் சேலைன் கொடுக்கிற முறைக்கு எங்கள் சுகாதார அமைச்சின் தொற்றுநோயியல் பிரிவு வெளியிட்ட வழிகாட்டல் இருக்கிறது, இணையத்தில் இலவசம். அதைத் திறந்துதான் பார்க்க வேண்டும்.

தலைமுறை வித்தியாசமா என்று கேட்டீர்கள். எண்முறைக் கருவிகளோடு பிறந்த பிள்ளைகள் மூளையாலேயே வேறுபட்டவர்கள், அவர்களுக்குக் கற்பிக்கும் முறையே வேறாக இருக்க வேண்டும் என்று 2001-இல் பிரென்ஸ்கி என்ற அமெரிக்கர் எழுதினார். மாநாடுகளில் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. பிறகு ஆராய்ந்தவர்களுக்கு அதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. என் அனுபவமும் அதுதான். ஒரு நிமிட வீடியோவை அழகாக வெட்டி ஒட்டத் தெரிந்த பிள்ளைக்கு, ஓர் ஆய்வுக் கட்டுரையைத் தேடி எடுத்து அது நம்பத்தக்கதா என்று பார்க்கத் தெரிவதில்லை. அதைச் சொல்லிக் கொடுக்கத்தான் வேண்டும், எங்களுக்குச் சொல்லித் தந்தது போல. புதுப் பொருளைப் பார்த்து மூத்தவர் முகம் சுளிப்பதும் புதிதில்லை. ஸ்டெதஸ்கோப்பை லென்னெக் கண்டுபிடித்தது 1816-இல். அவருடைய நூலை 1821-இல் ஆங்கிலத்தில் கொண்டுவந்த ஜோன் ஃபோர்ப்ஸ் என்ற வைத்தியரே, இது பொதுப் பாவனைக்கு வருமா என்று முன்னுரையில் சந்தேகப்பட்டிருக்கிறார். மானிப்பாயில் அமெரிக்க மிஷன் வைத்தியரான டொக்டர் கிரீன் தமிழில் மருத்துவம் கற்பித்து, உடற்கூற்று நூலைத் தமிழில் அச்சிட்டுக் கொடுத்த 1872-இல், அச்சுப் புத்தகம் கையில் வைத்திருந்த மாணவனை நாட்டு வைத்தியர் எப்படிப் பார்த்திருப்பார் என்று நான் சில வேளை யோசிப்பதுண்டு.

போனுக்குக் கட்டுப்பாடு வேண்டாம். இருபது வயது தாண்டிய பிள்ளைக்குக் கட்டுப்பாடு போட்டால் அவள் அறைக் கதவைச் சாத்துவாள், மேசைச் சண்டை கதவுச் சண்டையாகும். அதைவிட, உங்களிடம் உள்ள சரக்கைக் கொடுங்கள். அது எந்தச் செயலியிலும் இல்லை.

நோயாளியாக நடியுங்கள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. இறுதிப் பரீட்சையில் லோங் கேஸில், அதாவது ஒரு நோயாளியை முழுதாக ஆராய்ந்து சொல்லும் பகுதியில், தடுமாறுகிறவர்கள் அதிகம் தடுமாறுவது கதை கேட்பதில்தான். உங்களுக்கு இத்தனை வருட நோயாளர் ஞாபகத்தில் இருப்பார்கள். ஒருவரை எடுத்து அவராகவே இருங்கள். "எப்ப தொடங்கினது?" என்று அவள் கேட்டால் "மூன்று மாதம்" என்று வசதியாகச் சொல்லிவிடாதீர்கள். எந்த நோயாளி அப்படிச் சொல்கிறார்? "நல்லூர்க் கொடியேறின கிழமை தம்பி வந்தவன், அதுக்குப் பிறகுதான்" என்று சொல்லுங்கள். கணக்கை அவள் போடட்டும். "வேற மருந்து எடுக்கிறீங்களா?" என்றால் "இல்லை" என்று சொல்லுங்கள், பக்கத்து வீட்டுக்காரி கொடுத்த நோவுக் குளிசையைப் பற்றி அவள் துருவிக் கேட்கும் வரை வாய் திறக்காதீர்கள். நெடுந்தீவுக்காரராக ஒருநாள் இருங்கள். முடிவில் அவள் "ரெண்டு நாளில திரும்ப வாங்கோ" என்று சொல்வாள். கடல் கொந்தளித்துக் குறிகட்டுவானுக்கு வள்ளம் ஓடாவிட்டால் என்ன செய்வது என்று அப்போது கேளுங்கள். மருந்தை எத்தனை நாளுக்கு எழுத வேண்டும், எந்த அறிகுறி கண்டால் தீவு வைத்தியசாலைக்கு உடனே ஓட வேண்டும் என்று அவள் யோசிக்கத் தொடங்குவாள்.

பின்னேரம் வீட்டுக்கு வருகிற நோயாளர் சம்மதித்தால் அவளைப் பக்கத்தில் இருத்துங்கள். நீங்கள் கை வைத்த இடத்தில் அவளும் கை வைக்கட்டும். ஈரலைத் தொட்டுப் பார்க்கச் சொல்லிவிட்டு, என்ன இருக்கிறது என்று நீங்கள் முந்திச் சொல்லாதீர்கள். சட்ஜிபிடியிடம் எதிர்பார்ப்பதை முதலில் நாங்கள் கடைப்பிடிக்க வேண்டும். மூத்த வைத்தியர்களான எங்களுக்கும் விடையைப் போட்டு உடைக்கிற வியாதி நிறைய உண்டு. வாட் ரவுண்டில் கேள்வியும் கேட்டு, இரண்டு செக்கனில் பதிலும் சொல்லிவிட்டு, "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரியாது" என்று போகிற கொன்சல்டன்ட் எத்தனை பேரைப் பார்த்திருப்பீர்கள்!

மறுபக்கமும் ஒன்று செய்யலாம். பிரஷருக்கும் சீனி வருத்தத்துக்கும் இப்போதைய வழிகாட்டல் என்ன என்று உங்களுக்காக இருபது அட்டை எழுதித் தரச் சொல்லுங்கள். உங்கள் போனிலும் போட்டுத் தரட்டும். அவளுக்கு அதை எழுதுவதே படிப்பு. உங்களுக்கும் அடுத்த ஒட்சிசன் சண்டைக்கு முன்னேற்பாடாக இருக்கும். இரண்டு கிழமை செய்து பாருங்கள், சில கேள்வியில் நீங்கள் அவளைத் திருத்துவீர்கள் என்று பந்தயம் கட்டத் தயார்.

கடைசியாக ரப். ஸ்லைட்டில் எழுத, உடற்கூற்றுப் படங்களைப் பெரிதாக்கிப் பார்க்க நல்லதுதான். இல்லாமல் படிக்க முடியாத சாமான் இல்லை. விலையுயர்ந்த ஐபாட் என்றால் ஒன்றைக் கவனியுங்கள். அங்கி கணினியிலும் அன்ட்ரொயிட் போனிலும் இலவசம். ஐபாடிலும் ஐபோனிலும் அந்தச் செயலிக்குத் தனியாகக் காசு கட்ட வேண்டும். வீட்டில் ஒரு லப்ரொப் ஓடுகிறது என்றால் இந்தத் தவணை அதில் சமாளிக்கச் சொல்லுங்கள். வாங்கத்தான் வேண்டுமென்றால் பேனாவோடு வருகிற நடுத்தர அன்ட்ரொயிட் ரப் போதும். பெரிய திரையா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள்.